வெளிநாட்டில் பயின்றவர்

விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில்
ஒரு கட்டம்: வெளிநாட்டில் பயின்றவர்.
மேற்கே உசிலம்பட்டி, கிழக்கே மதுரை,
நடுவில் செக்கானூரணி.
இதைத் தாண்டி நான் எங்கும் பயிலவில்லை.
அந்தக் கட்டத்தில்தான் டிக் அடிக்கணும் என்றான்
பிரவுசிங் சென்டர் பையன்.
அவர்களுக்கு நாமதான்க்கா வெளிநாடு.

குடும்பப் பெயர் கேட்டார்கள்.
எங்களுக்கு அது கிடையாது,
அப்பா பெயரைப் போட்டேன்.
மூன்று வாரம் கழித்துக் கடிதம்:
அன்புள்ள திரு. மொக்கச்சாமி அவர்களுக்கு,
நாய்களைக் கையாள்வதில் உங்கள் அனுபவம்
போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை.
அப்பா இரண்டு நாள் சிரித்தார்.
தெருமுனையில் நாயைக் கண்டால்
அடுத்த தெரு வழியாக வீடு வருகிற ஆள்.

டாக்டர் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார்:
மொ. ஒச்சம்மாள், ஏழு வருடம், கால்நடைச் செவிலியர்.
அந்தப் பெயரை அன்றுதான் பார்த்தேன்.
சம்பள நோட்டில் நான் 'உதவி'.
வருகிறவர்களுக்கு 'ஊசி போடுற டாக்டர் பக்கத்துல நிக்கிற புள்ள'.

பார்வோ வந்த குட்டிக்கு
ராத்திரி கரண்ட் போனதும்
ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டிவிட்டு
செல்போன் வெளிச்சத்தில் சொட்டு எண்ணினேனே,
நிமிடத்துக்கு இருபத்தாறு,
விடியும்வரை இருபத்தாறு,
அது லெட்டர்பேடில் இல்லை.
குட்டி பிழைக்கவுமில்லை.

படிக்க வேண்டியதில்
ஃபெரட் என்று ஒரு பிராணி.
படத்தில் பார்த்தால்
கீரிக்கு வெளுத்த தங்கச்சி.
முள்ளெலி எனக்குத் தெரியும்.
நாகமலைச் சரிவில் ஆடு மேய்க்கிற பையன்கள்
துண்டில் சுருட்டி எடுத்து வருவார்கள்.
முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுத்தால்
கக்குவான் நிற்கும் என்பது எங்கள் பக்கம்.
அவர்கள் பக்கத்தில் அதற்குத்
தனி அறை, தனி வெப்பம், எடை பார்க்கத் தனித் தராசு.
இரண்டும் தெரிந்தவள்
ஒன்றை மட்டும் எழுதினேன்.

தேர்வு மாட்டுத்தாவணியில்,
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூன்றாம் மாடி.
பெயரில் மட்டும் மாடு.
அன்றைக்கு அங்கே நான் பார்த்தது
சுவரோரம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத்
தின்றுகொண்டிருந்த ஒன்று,
திரையில் நாற்பத்து மூன்றாவது கேள்வியில் ஒன்று.
திரையில் இருந்ததற்கு மடிநோய்.
தப்பில்லாமல் எழுதிவிட்டு இறங்கினேன்,
போஸ்டரில் பாதி முகம் மீதி இருந்தது.

செய்முறைக்கு, கேமரா முன்னால் பொம்மை நாய்.
விளக்குத்தூண் பக்கம்
நானூறு சொன்னதை இருநூற்று அறுபதுக்கு முடித்தது.
முன்னங்காலில் கட்டுப் போட எட்டு நிமிடம்.
விரலிடுக்கில் பஞ்சு வைத்து,
நுனி இரண்டு விரல் வெளியே தெரிய,
ஆறு நிமிடத்தில் முடித்தேன்.
இடது முழங்கை தானாகப் போய்
அதன் கழுத்தை அணைத்துக்கொண்டது,
கடிக்கவே தெரியாத அதை.

முடிவு வந்தது.
கட்டு சரி. இறுக்கம் சரி.
செய்வதை வாய்விட்டுச் சொல்லவில்லை.
பிராணியிடம் பேசவில்லை.
தேர்ச்சி இல்லை.

பிராணியிடம் பேசவில்லை!
வலியில் இருக்கிற நாய் முன்னால்
மூச்சையே நான் சத்தமில்லாமல்தான் விடுவேன்.
ஓனரை வெளியே அனுப்புவதே
அவர் பேசுகிறார் என்பதால்தான்.

மறுதேர்வு நவம்பரில்.
கட்டணம் என் நாலு மாதச் சம்பளம்.
நகைக்கடனைத் திருப்பி வைக்கலாம் என்று அம்மா சொன்னது
எந்த நகை என்று நான் கேட்கவில்லை.

இப்போது பேசிப் பழகுகிறேன்.
கருமாத்தூரிலிருந்து காதில் சீழோடு வந்த
வெள்ளாட்டிடம் இங்கிலீஷில் சொன்னேன்,
இப்போது உன் காதைச் சுத்தம் செய்யப் போகிறேன்,
கொஞ்சம் குளிரும், பயப்படாதே.
ஆட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.
'யார்ட்டத்தா பேசுற?'
'பரீட்சைக்கு, ஆட்டுக்கிட்ட.'
அவர் கொஞ்சம் யோசித்தார்.
பிறகு, நோவில்லாத பக்கம் தொங்கிய காதை
அதற்கு நன்றாகக் கேட்கும்படி
தூக்கிப் பிடித்தார்.